குழுவினர் மூச்சைப் பிடித்த ஒன்பது நாள்

கேசட்டில் இரண்டாம் பாட்டு முடிந்து மூன்றாம் பாட்டு தொடங்கும் முன் இருக்கிற நாலு நொடி இடைவெளியில் காற்று அடிக்கிறது என்பதைத் தூத்துக்குடியில் முதன்முதலாகக் கண்டுகொண்டவர்கள் ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவர்கள்தான், ஏனென்றால் அவர்கள் போட்டுவிட்டுப் போன வாழை இலைகள் வரிசையாக எழுந்து, கூட்டும் அப்பளமும் சரிய, வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியின் வாயை நோக்கிப் பறந்தன, கூடவே மாப்பிள்ளையின் மாமாவுடைய கட்சித் துண்டும் பறந்தது, ஒரு கைக்குழந்தையின் தொப்பியும் பறந்தது, மூன்றாம் பாட்டு தொடங்கியதும் எல்லாம் பொத்தென்று விழுந்தன. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரேடியோ செட்காரர் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டார். அடுத்த பந்தியிலிருந்து, பாட்டு முடியப் போகிறது என்றால் ஒருத்தர் "இலையப் பிடிங்கய்யா!" என்று குரல் கொடுக்க, இருநூறு பேரும் இடது கையால் இலையை அழுத்திக்கொண்டு வலது கையால் சாப்பிட்டார்கள். ரசம் கொஞ்சம் உறைப்பு என்று பேசிக்கொண்டே கலைந்து போனார்கள்.

அந்தக் கேசட்டை உண்டாக்கியவள் கில்டா. அவள் பாடுகிறவள் இல்லை, எழுதுகிறவள் இல்லை, மெட்டுப் போடுகிறவளும் இல்லை. ஆனால் யார் பாட வேண்டும், எந்தச் சுதியில் பாட வேண்டும், உறுமி எந்த இடத்தில் நுழைய வேண்டும், எந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும், எந்தப் பாட்டு முதலில் வந்தால் டீக்கடைக்காரர் கேசட்டை மாற்றாமல் விடுவார் என்றெல்லாம் முடிவு செய்கிறவள் அவள்தான். பத்தொன்பது வயதில், கோயில் திருவிழாவில் பாடகர் குழு முழங்கிக்கொண்டிருந்தபோது எழுந்துபோய், மைக்கை மூன்றடி பின்னால் நகர்த்தினால் பின்வரிசைப் பெண்களின் குரல் முன்னால் வரும் என்று சொன்னாள், குழுத் தலைவர் "உன் வேலையப் பாரு பிள்ள" என்று முறைத்தார், பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் மைக்கை மூன்றடி நகர்த்தினார், பாட்டு பூத்தது. தன் வேலை என்னவென்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த வேலைக்கு அந்தத் தெருவில் பேர்தான் இல்லை.

அப்பா சங்கு மூட்டை அடுக்கி வைத்த பழைய கிட்டங்கிக்குள் கயிற்றுப் பாய்களை ஆணியடித்து, மெட்ராஸிலிருந்து பழைய ஸ்பூல் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, சுடலைமணி என்கிற ரேடியோ மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டு, ஏழு வருஷத்தில் பதினோரு கேசட் போட்டாள். திருவிழாப் பாட்டு, தேர்தல் பாட்டு, சம்பந்தியைக் கிண்டலடிக்கிற பாட்டு, எல்லாவற்றையும் விட அதிகமாக விற்ற ஒப்பாரி. பாடகிகளை அவள் சபாக்களில் தேடவில்லை, பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கேட்டாள், உப்பளத்தில் உப்பு வாருகிற ஆறு பெண்கள் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள், அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வரப்போடு நடந்தே திரும்பி வந்தாள். அந்த ஆறு பேருக்கு மூத்தவள்போல இருந்தவள் பேச்சித்தாய்.

இப்போது காற்றின் கதைக்கு வருவோம். பாடுகிறவள் ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் மூச்சு இழுப்பாள், அந்தச் சத்தத்தை வெட்டி எறிவது ஒலிப்பதிவு வேலையில் வழக்கம், பாட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்பார்கள், பாடுகிறவளுக்கு நுரையீரல் இருப்பது ஏதோ அசுத்தம்போல. கில்டாவும் பிளேடால் வெட்டினாள். ஆனால் நாடா விலை அவளுக்குத் தெரியும். வெட்டிய துண்டுகளைத் தூக்கிப் போட மனசு வராமல் ஒன்றோடொன்று ஒட்டி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வெற்று நாடா வைக்க வேண்டிய இடத்தில் அதை வைத்தாள். "மூச்சுதானே, யாருக்குக் கேக்கப் போவுது" என்றாள் சுடலைமணியிடம். கேட்கத்தான் இல்லை. அடித்தது. அதுவும் இழுத்த மூச்சு ஆனதால் ஒலிபெருக்கியிலிருந்து வெளியே வராமல், எட்டுத் திசையிலிருந்தும் ஒலிபெருக்கியை நோக்கி வந்தது.

ஊர் அதற்கு ஒரு மாதத்துக்குள் பழகிவிட்டது. வண்ணார் தெருவில் கொடிக்கு எதிரே டேப்ரிக்கார்டரை வைத்து ஈரச் சேலையைக் காய வைத்தார்கள். களத்தில் உளுந்து தூற்றினார்கள். பாய் வள்ளத்துக்காரர்கள் கடல்காற்று தளர்ந்த நாளில் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் ஒலிபெருக்கி கட்டிப் பார்த்தார்கள், வள்ளம் தன்னுடைய ஒலிபெருக்கியையே துரத்திக்கொண்டு போனது, கரை திரும்பத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் "பாட்டு வேண்டாம், நடுவுல உள்ளது மட்டும் கெடைக்குமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பாதிரியார் மட்டும் பூசையில் மெழுகுவர்த்தி அணைகிறது என்று வருத்தப்பட்டார், பக்கத்துத் தெருவில் கேசட் போடாத நேரமாகப் பார்த்துப் பூசை நேரத்தை மாற்றிக்கொண்டார்.

கேசட்டின் அட்டையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாம் கேட்போம். மேலே கில்டாவின் அண்ணன் லியோன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிற படம். கீழே 'தயாரிப்பு: லியோன் பர்னாந்து'. அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில், 'பாடியவர்கள்: குழுவினர்'. லியோன் இரும்புக் கடை வைத்திருந்தார், ஒரு பாட்டின் ஒலிப்பதிவுக்கும் அவர் வந்தது கிடையாது, வந்தாலும் அவருக்குக் கயிற்றுப் பாய்த் தூசு ஆகாது. கிட்டங்கி அவர் பேரில் இருந்தது, மொத்தக் கடைக்காரர்கள் பொம்பளை பேர் போட்ட கேசட்டை நம்பி எடுக்க மாட்டார்கள் என்றார். "அடுத்த கேசட்டில பாப்போம் கில்டா" என்றார். பத்து அடுத்த கேசட் வந்துவிட்டது.

அப்போதுதான் துரைப்பழம் வந்தார். வேம்பாரிலிருந்து காயல்பட்டினம் வரைக்கும் உப்பளக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர், வெள்ளை வேட்டி, முப்பது வயதைத் தாண்டிய கில்டாவைப் 'பாப்பா' என்று கூப்பிடுகிறவர்.

"பாப்பா, நாலு நாலு செகண்டா காத்து வந்து எனக்கு ஆவாது. உப்பு வெளையணும்னா விடாம அடிக்கணும். பாட்டையெல்லாம் எடுத்துரு. ஒரு மணி நேரம் வெறும் மூச்சு. எல்லா அளத்துக்கும் வேணும், மூவாயிரம் கேசட் எடுக்கேன்."

"அட்டையில தயாரிப்புன்னு என் பேரு போடுவேன் அண்ணாச்சி. எங்க அண்ணன் பேரு கெடையாது."

"தாராளமாப் போடு. ஆனா வேற பேரு ஒண்ணும் கூடாது. குழுவினரும் வேண்டாம். அவளுவ என் அளத்துல வேலை பாக்கிறவளுவ. நாளைக்கு இது எங்க காத்துன்னு வரப்புல உக்காந்துக்கிட்டா நான் எங்க போவேன்?"

கில்டா சரி என்றாள். இந்த இடத்தில் அவளுக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை, அவளே பேசிக்கொண்டாள், இரவெல்லாம் பேசிக்கொண்டாள்: முதலில் என் பேர் ஒரு தடவை அச்சில் ஏறட்டும், ஏறிவிட்டால் கம்பெனி என்னுடையது, அதற்கப்புறம் யார் பேரை வேண்டுமானாலும் போடுவேன், இப்போது விட்டால் எனக்கும் இல்லை அவர்களுக்கும் இல்லை. நல்ல வாதம்தான். அவளே அதற்குத் தலையாட்டினாள்.

ஆறு பெண்களும் வந்தார்கள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலில் காய்ந்த உப்போடு, மைக்கைச் சுற்றி நின்றார்கள்.

"எக்கா, இந்த அட்டையில என்ன போடுவிய?" என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"காத்துன்னு போடுவோம். கீழ தயாரிப்புன்னு என் பேரு."

"எங்க பேரு?"

"மூச்சுக்கு யாரு பேரு போடுவா பேச்சித்தாயி? பாட்டுன்னா பாடுனவ பேரு போடலாம். இது பாட்டு இல்லல்லா."

"பாட்டா இருந்தப்பவும் குழுவினர்னுதான போட்டிய?"

அவர்களில் ஒருத்தியான மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தக் குழுவினர்ங்கிறவ நல்லாப் பாடுதாளாமே, எங்க தெருவுல அவளுக்கு மாப்பிள தேடுதாவ."

"சிரிக்காத மைமூனு. அடுத்த கேசட்டில கண்டிப்பாப் பாப்போம்" என்றாள் கில்டா.

பேச்சித்தாய் மற்ற ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "பாட்டையும் எடுத்துட்டிய. அளத்துல கேசட்டு போடயில, காத்து நின்னு பாட்டு ஓடுற நேரந்தான் எங்களுக்கு நிமுந்து நிக்குற நேரம். சரி, மூச்சுதான வேணும், இழுக்கோம்" என்றாள்.

சுடலைமணி பொத்தானை அமுக்கினார், ஆறு பேரும் மூச்சை இழுத்தார்கள். கயிற்றுப் பாய்கள் சுவரிலிருந்து உப்பி முன்னால் வந்தன, ஜன்னல் படாரென்று உள்பக்கம் திறந்தது, தெருப் புழுதியும் ஆட்டோ ஸ்டாண்டு சங்கத்தின் கொடியும் ஒரு பழைய லாட்டரிச் சீட்டும் உள்ளே வந்தன, துறைமுகத்துக் காற்று வந்தது, தீவுக் காற்று வந்தது, வடக்கே போய்க்கொண்டிருந்த ஒரு சோழகக் காற்று பாதி வழியில் திரும்பி வந்தது, எல்லாம் ஆறு நெஞ்சுக்குள் போயின. பிறகு ஆறு பேரும் உதட்டை மூடினார்கள். கும்பிடு போட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஸ்பூல் தீர்ந்து நாடாவின் வால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சுடலைமணி மெதுவாகச் சொன்னார்: "எக்கா, விடலையே."

"என்னத்த?"

"மூச்ச. இழுத்தாவ. விடல."

அன்றைக்குச் சாயங்காலம் தூத்துக்குடியில் காற்று இல்லை. புகைபோக்கிகளில் இருந்து புகை கம்பம் நட்டதுபோல நேராக நின்றது. பாய் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. மின்விசிறிகள் சுற்றின, காகிதம்கூட அசையவில்லை. ஊர் அதையும் ஒரு மாதிரியாகப் பழகிக்கொண்டது: பந்தியில் யாரும் இலையைப் பிடிக்க வேண்டியதில்லை, மெழுகுவர்த்தி கடைசிவரை எரிந்தது, கொடியேற்று விழா வைத்திருந்த கட்சி கொடிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி ஏற்றியது, எதிர்க்கட்சி இரண்டு மடங்கு கஞ்சி போட்டது. தெருவில் ஒருவருக்கொருவர் பனை விசிறியால் வீசிக்கொண்டார்கள், விசிறி போனது, காற்று வரவில்லை, மரியாதைக்காக வீசினார்கள்.

ஆறு பேரும் வழக்கம்போலச் சோறு பொங்கினார்கள், பிள்ளைக்குத் தலை சீவினார்கள், நெஞ்சு மட்டும் கப்பல் பாய்போல விம்மியிருக்க, வாய் திறக்காமல் கையால் பேசினார்கள். அரசாங்க டாக்டர் பேச்சித்தாயின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சீட்டில் 'காற்று நிறைய உள்ளது, வெளியேற மறுக்கிறது, மற்றபடி நலம்' என்று எழுதிக் கொடுத்தார். உப்பளத்துப் பாத்திகளில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. துரைப்பழம் ஆறுமுகநேரியிலிருந்து வேறு ஆறு பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து மைக்கின் முன்னால் நிறுத்தினார். அவர்களும் இழுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை.

"இழுக்கதுக்குக் காத்து வேணும்லா மொதலாளி? எல்லாம் அவ்வொகிட்டல்லா இருக்கு" என்று அவர்களில் ஒருத்தி சொல்லிவிட்டு, டீ உண்டா என்று கேட்டாள்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் கில்டா அளத்துக்குப் போனாள். ஆறு பேரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், உப்பு விளையாததால் வார ஒன்றும் இல்லை. கில்டா முன்னால் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தாள். பதில் பேச ஆள் இல்லாததால் இரண்டு பக்கமும் அவளே பேசினாள்.

"நான் என்ன உங்களுக்குத் துரோகமா செஞ்சேன்? பஸ்ஸ விட்டு எறங்கி வந்து உங்களக் கூட்டிட்டுப் போனவ யாரு? குழுவினர்னு போட்டது தப்புதான், சரி, ஆனா அட்டையில எடம் எங்க இருக்கு? நீங்க கேப்பிய, கண்ணாடி போட்ட படத்துக்கு மட்டும் எடம் இருக்கான்னு. அதுக்குத்தான சொல்லுதேன், எம்பேரு முதல்ல வரட்டும். உங்க பேரு இல்லாம எம்பேரு மட்டும் எப்பிடி வரும்னு கேப்பிய. கேளுங்க. மூச்ச இழுத்தவ நீங்க, வெட்டுனவ நான், ரெண்டு பேரும் இல்லன்னா நாடா வெறும் நாடா, அது எனக்கும் தெரியும். கொஞ்சம் பொறுங்க. அடுத்த கேசட்டில பாப்போம்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு உச்சந்தலை சுட்டது. வாய் அவளுடையதாக இருந்தது, வார்த்தை லியோனுடையது. காற்றில்லாத வெளியில் அது எங்கும் போகாமல் அவள் முகத்துக்கு நேராகவே நின்றது, அவள் அதைப் பார்த்தாள், பேச்சித்தாயும் அதைப் பார்த்தாள். கில்டா திரும்பி நடந்தாள், பிறகு ஓடினாள்.

அச்சகத்தில் வேலை பார்த்தவர் பழைய கேசட்டின் அட்டையை அளந்து பார்த்துவிட்டு, "ஆறு பேரு எப்பிடிம்மா பிடிக்கும்? ரெண்டு பேரு போட்டு 'மற்றும் பலர்'னு முடிச்சிரலாமே" என்றார்.

"படத்த எடும்."

"யார் படத்த?"

"மேல இருக்கிற படத்த."

எடுத்தார். அந்தக் கறுப்புக் கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும் மூன்று பேர் தாராளமாக உட்கார்ந்தார்கள், லியோனின் சட்டைக் காலரில் இரண்டு பேர், அவர் பார்த்துக்கொண்டிருந்த வானத்தில் ஒருத்தி. அவர் பேர் இருந்த வரியில் கில்டாவின் பேர் ஏறியது. மையின் ஈரம் காயவில்லை, காற்று இல்லாத ஊரில் எப்படிக் காயும், ஈர அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவோடு நடந்து வந்தாள், பின்னால் விசிறியும் கையுமாக ஒரு கூட்டம் வந்தது, துரைப்பழம் வந்தார், லியோன் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

கிட்டங்கி வாசலில் ஆறு பேரும் நின்றார்கள். துரைப்பழம் முன்னால் வந்து, "பாப்பா, பேச்சு என்ன, இது என்ன?" என்றார்.

"பேச்சு மாறிட்டு அண்ணாச்சி. பேரும் இருக்கும், நடுவுல பாட்டும் இருக்கும், பாட்டு ஓடுற நேரம் அளத்துல யாரும் குனியக் கூடாது. வேண்டாம்னா இப்பவே சொல்லும், காத்து இருக்கிற எடத்திலயே இருக்கட்டும்."

துரைப்பழம் நெற்றியைத் துடைத்தார். ஒன்பது நாள் வியர்வை அதில் இருந்தது. "பாட்டு சின்னப் பாட்டா இருக்கட்டும்" என்றார்.

"பெரிய பாட்டு" என்றாள் கில்டா, அட்டையைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள். "மூச்சும் பாட்டும்: பேச்சித்தாய். மைமூன். அந்தோணிக்கனி. பவுன்தாய். ரெங்கம்மாள். சண்முகவடிவு." ஒவ்வொரு பேருக்கும் ஒருத்தி தலையை ஆட்டினாள். "தயாரிப்பு: கில்டா பர்னாந்து." அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து அவள் வாய் இதுவரை சொன்னதில்லை, நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, தெருக்கோடியில் நின்றவர்களுக்கும் கேட்டது. பேச்சித்தாய் விரலைச் சுழற்றினாள், இன்னொரு தடவை என்று. கில்டா இன்னொரு தடவை வாசித்தாள், இந்தத் தடவை நிதானமாக, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி.

ஆறு பேரும் மூச்சை விட்டார்கள். விட்ட மூச்சு பாட்டாகத்தான் வந்தது, வேறு எப்படி வரும், சுடலைமணி விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடிப் பொத்தானை அமுக்கினார். கஞ்சி போட்ட கொடிகள் இரண்டும் மடக்கென்று முறிந்து பறந்தன, வள்ளங்கள் ஆளில்லாமல் கிளம்பின, வெள்ளத்தில் நிற்பவர்கள்போல ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், மேற்கே பாத்திகளில் ஒன்பது நாளாக நின்ற தண்ணீர் சுருங்கிச் சுருங்கி வெள்ளையாக வெடித்தது, அட்டையில் மை காய்ந்தது. பாட்டு ஏழு நிமிஷம் போனது. சின்னப் பாட்டு கேட்டவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏழு நிமிஷமும் ஒரு அளத்திலும் யாரும் குனியவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு லியோன் கில்டாவின் கையிலிருந்து அட்டையை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

"எம்பேரு எங்கட்டி?"

கில்டா வாயைத் திறப்பதற்குள் பேச்சித்தாய் முந்திக்கொண்டாள், ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. "அதுக்கென்ன அண்ணாச்சி, உள்ள வாங்க. மைக்கு முன்னால நின்னு நீங்களும் ஒரு மூச்சு இழுங்க. போட்டுருவோம்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் லியோன் மறுக்க முடியாமல் உள்ளே போனார். சுடலைமணி புது நாடா மாட்டினார். கில்டா மேசைமேல் ஒரு வெற்றுக் காகிதத்தை வைத்துவிட்டு, மைக்கை அண்ணன் வாய்க்கு நேராக, யாருக்கும் வைப்பதுபோல ஒழுங்காக, சாய்வு பார்த்து, உயரம் பார்த்து வைத்தாள். லியோன் கண்ணாடியைக் கழற்றினார், தோளை உயர்த்தினார், கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். எல்லாரும் காகிதத்தைப் பார்த்தார்கள். அதன் ஒரு மூலை மயிரிழை அளவுக்கு எழுந்து, படிந்தது.

"அசஞ்சிது" என்றாள் மைமூன், நியாயமாக.

"அசஞ்சிது" என்று கில்டாவும் ஒத்துக்கொண்டாள்.

அதனால் அட்டையின் அடியில், ஓரத்தில், 'உதவி: லியோன் பர்னாந்து' என்று சேர்த்தார்கள், எழுத்தின் உயரத்தை அந்தக் காகிதம் எழுந்த உயரத்துக்குச் சரியாக அளந்து.